நோய்க்காலத்தில் உடலின் செலவு: ஓய்வு அனுசேப வீதம் பற்றி ஒரு விளக்கம்

சில வருடங்களுக்கு முன்னர் நான் கற்பித்த பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். ஜூலை மாதம். வாவிக்கு அப்பாலுள்ள வயல்வெளியைக் கடந்து வரும் கச்சான் காற்று வகுப்பறையைச் சூளையாக்கியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கொப்பிகளை விசிறியாக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மட்டும் கேட்டாள்: “டீச்சர், ஃபேனை நிப்பாட்டினா நல்லம். எனக்குக் குளிருது.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் மேசையில் தலை வைத்துத் தூங்குவாள். முகம் ஊதியிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமெடுக்கும். அந்தத் தவணை அறிக்கையில் நான் எழுதியது இரண்டே வசனம்: ‘சோம்பல் அதிகம். முயற்சி போதாது.’ அவளுடைய உம்மா பாடசாலைக்கு வந்து, “இவள் ஒண்டும் பெரிசா சாப்பிர்ற இல்ல டீச்சர், ஆனா உடம்பு ஊதிக்கிட்டே போகுது. காலையில எழுப்ப ஏலா. கண்ணூறு எண்டு தண்ணியும் ஓதிக் குடுத்தம்” என்று கண் கலங்கினார். நேரத்துக்குப் படுக்க வையுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினேன்.

பல மாதங்கள் கழித்து ஒரு வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி போதியளவு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. தினமும் ஒரு சிறு குளிசை. மூன்று நான்கு மாதத்தில் அவள் வேறு பிள்ளையாகிவிட்டாள். எனது இரண்டு வசனங்கள் மட்டும் அறிக்கையில் அப்படியே இருந்தன.

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நான் மருத்துவம் பற்றி எழுதத் துணிவதற்குக் காரணம் அந்த இரண்டு வசனங்கள்தான். அதன் பிறகு இது பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் எனக்கு விளங்கியதை, நம் வீடுகளில் நடப்பவற்றோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

சும்மா இருக்கும் உடலின் செலவு

நாம் உண்ணும் உணவை உடைத்துச் சக்தியைப் பெறுவது, அந்தச் சக்தியைக் கொண்டு உடலைக் கட்டுவது, பழுது பார்ப்பது ஆகிய அனைத்து இரசாயன வேலைகளையும் சேர்த்து நமது பாடநூல்கள் ‘அனுசேபம்’ என்கின்றன. தமிழ்நாட்டார் இதனை ‘வளர்சிதை மாற்றம்’ என்பர். வளர்வதும் சிதைவதும் என்ற இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருப்பதால் அந்தச் சொல் பொருளை நன்றாகவே காட்டுகிறது.

ஒருவர் எந்த வேலையும் செய்யாமல், விழித்தபடி, அமைதியாகப் படுத்திருக்கும்போதும் உடல் சக்தியைச் செலவிடுகிறது. அந்தச் செலவின் வேகமே ஓய்வு அனுசேப வீதம். வளர்ந்த ஒருவருக்கு இதனைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: ஒரு கிலோ நிறைக்கு ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஒரு கலோரி. (உணவுப் பொதிகளில் கலோரி என்று நாம் சொல்லிப் பழகியது உண்மையில் கிலோகலோரியே.) அப்படியானால் 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நாள் முழுதும் பாயில் கிடந்தாலும் 1440 கலோரி செலவாகும். இது இரவும் பகலும் அணையாமல் எரியும் 70 வோட்ஸ் பல்ப் ஒன்றின் செலவுக்குச் சமம். கடும் உடலுழைப்பு இல்லாத பெரும்பாலானோரின் முழுநாட் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவு இந்த ஓய்வுச் செலவுதான்.

இவ்வளவும் எங்கே போகிறது? ஈரல், மூளை, இதயம், சிறுநீரகங்கள் ஆகிய நான்கும் உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். ஆனால் ஓய்வுச் செலவில் பாதிக்கு மேற்பட்டதை அவையே எடுத்துக்கொள்கின்றன. மிகுதி தசைக்கும் ஏனைய உறுப்புகளுக்கும்.

இதை அளக்க முடியும் என்று முதலில் காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சின் லவோசியே. 1782-83 குளிர்காலத்தில் அவரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டோடு ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் ஓர் எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்றும் ஒருவர் உள்ளெடுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் அளந்துதான் ஓய்வு அனுசேபத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு லீற்றர் ஒட்சிசன் செலவானால் ஏறத்தாழ ஐந்து கலோரி எரிந்திருக்கிறது என்பது கணக்கு.

நோய் வரும்போது இந்தச் செலவு மாறுகிறது. சில நோய்கள் கூட்டுகின்றன, சில குறைக்கின்றன. நோயாளி பாயில் கிடப்பது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே நடக்கும் செலவு தெரிவதில்லை. நமது பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

கழுத்துச் சுரப்பியின் இரண்டு முகங்கள்

ஓய்வு அனுசேபத்தின் வேகத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் தைரொயிட் சுரப்பிக்கு. அது சுரக்கும் தைரொட்சின் என்ற ஓமோன் உடலின் கலங்கள் அனைத்தையும் எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று ஏவுகிறது. 1895 இல் ஜேர்மனிய வைத்தியர் மக்னஸ்-லெவி, இச்சுரப்பி மிகையாகச் சுரக்கும் நோயாளிகள் படுத்திருக்கும்போதே வழமையைவிடக் கூடிய ஒட்சிசனைச் செலவிடுவதை அளந்து காட்டினார். இரத்தத்தில் ஓமோனை நேரடியாக அளக்கும் வசதி வருவதற்கு முன்னர், பல பத்தாண்டுகளாகத் தைரொயிட் நோயைக் கண்டறிய ஓய்வு அனுசேப வீதத்தையே அளந்தார்கள்.

சுரப்பு மிகுந்தால் ஓய்வுச் செலவு ஒன்றரை மடங்குக்கும் மேலாகலாம். கடுமையான நிலையில் இரு மடங்கை நெருங்கும். ஓயாத பசி, உண்ண உண்ண மெலிவு, நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, சூடு தாங்காமை, நித்திரையின்மை ஆகியவை அடையாளங்கள். “தின்னுறது எல்லாம் எங்க போகுதோ” என்று வீட்டில் சொல்வார்கள். அது எரிந்து போகிறது.

சுரப்பு முற்றாக இல்லாமற் போனால் ஓய்வுச் செலவு நூற்றுக்கு 40 முதல் 50 வரை குறையலாம். அடுப்பு தணிந்தால் வீடு குளிர்வது போல உடல் குளிர்கிறது. கச்சான் வெயிலிலும் ஃபேன் காற்றைத் தாங்க முடியாமற் போனது அதனால்தான். மூளைக்கும் தசைக்கும் வேகம் குறைகிறது. தூக்கம், மறதி, மலச்சிக்கல், வறண்ட தோல், பெண்களுக்கு மாதவிடாய்க் குழப்பம் எல்லாம் வருகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உடல் பருத்தவர் எல்லோருக்கும் தைரொயிட் நோய் இல்லை. இந்நோயால் கூடும் நிறை பெரும்பாலும் சில கிலோக்கள்தான். அதிலும் ஒரு பங்கு உடலில் தேங்கும் நீரும் உப்புமே. ஊதிய முகத்தை மட்டும் பார்க்காமல் குளிர், சோர்வு, மந்தம் என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அயடீன் குறைவால் வரும் கண்டக்கழலை ஒரு காலத்தில் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் பரவலாக இருந்தது. 1995 இல் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்ட பிறகு அது பெரிதும் குறைந்தது. கடலுணவு உண்ணும் நமது கரையில் அயடீனுக்குப் பெரிய பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் அயடீன் போதியளவு இருந்தும், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வரும் சுரப்புக் குறைவு உண்டு. 1912 இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் விவரித்த நோய் அது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம் வருகிறது. “பொண்டாட்டி சோம்பேறி” என்று கணவன் சொல்வதற்கு முன்னரும், ‘முயற்சி போதாது’ என்று ஆசிரியை எழுதுவதற்கு முன்னரும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது.

காய்ச்சலும் பட்டினியும்

தைரொயிட் மிகைச் சுரப்பு நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்தவர் அயர்லாந்தின் டப்ளின் நகர வைத்தியர் ரொபர்ட் கிரேவ்ஸ். 1835 இல் அந்நோயை அவர் விவரித்தார். அதே மனிதர் இன்னொரு காரியத்துக்காகவும் நினைக்கப்பட வேண்டியவர். அக்காலத்தில் காய்ச்சல்காரரைப் பட்டினி போடுவதே மருத்துவ வழக்கம். கிரேவ்ஸ் அதை எதிர்த்து நோயாளருக்கு உணவு கொடுத்தார். தன் கல்லறையில் ஏதாவது எழுதுவதானால், காய்ச்சல்காரருக்கு உணவூட்டியவன் என்று எழுதினால் போதும் என்று மாணவர்களிடம் சொன்னாராம்.

அவர் அனுபவத்தில் கண்டதற்குப் பின்னர் கணக்கு கிடைத்தது. நியூயோர்க்கின் யூஜீன் டுபுவா தைபொயிட், மலேரியா முதலான காய்ச்சல்களில் நோயாளர் செலவிடும் சக்தியை அளந்து, 1921 இல் ஒரு பொது விதியைத் தந்தார்: உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் ஓய்வுச் செலவு நூற்றுக்கு ஏறத்தாழ 13 கூடும்.

இதை நமது வீட்டுக் கணக்காக்கிப் பார்ப்போம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு 39 பாகைக் காய்ச்சல். வழமையைவிட இரண்டு பாகை கூட. செலவு நூற்றுக்கு 26 கூடி 1440 கலோரி 1800 ஐத் தாண்டுகிறது. கூடுதலாகச் செலவாகும் 370 கலோரி, ஏறக்குறைய இரண்டு கோப்பைச் சோற்றுக்குச் சமம். நாம் கொடுப்பது என்ன? கொத்தமல்லித் தண்ணி, பிளேன்ரீ, இரண்டு ரஸ்க். சீனி போட்ட ஐந்து பிளேன்ரீ குடித்தாலும் 200 கலோரி தேறுவது கடினம்.

2006 ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கில் சிக்குன்குனியா பரவியபோது எங்கள் உம்மும்மாவும் படுத்தார். “காய்ச்சல்ல சோறு தின்னப்படாது” என்பது அவருடைய சட்டம். அதை மீற எங்களுக்குத் துணிவில்லை. காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் விட்டுவிட்டது. அவர் எழும்பி நடக்க இரண்டு மாதம் சென்றது. மூட்டுவலிதான் அதற்குப் பெரிய காரணம். ஆனால் அவருடைய கெண்டைக்கால்கள் சூம்பிப் போயிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது மூட்டுவலியால் மட்டும் வந்ததல்ல என்று இன்று நினைக்கிறேன்.

பட்டினியே பெரிய மருந்து என்ற பழமொழி நம்மிடையே உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. காய்ச்சலின்போது பசி குறைவது இயற்கை. நல்ல தேகமுள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள் சரியாக உண்ணாவிட்டால் பெரிய பாதகமில்லை. அந்த நாட்களில் நீராகாரமே முதலில் முக்கியம். டெங்குக் காய்ச்சலில் இது இன்னும் முக்கியம். ஆனால் காய்ச்சல் நீடித்தால், அல்லது நோயாளி குழந்தையாகவோ முதியவராகவோ ஏற்கெனவே மெலிந்தவராகவோ இருந்தால், கணக்கு மாறிவிடுகிறது.

காயமும் எரிகாயமும்

1930களில் கிளாஸ்கோ நகரில் டேவிட் கத்பேர்ட்சன் என்பவர் கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களை ஆராய்ந்தார். முறிந்த இடத்திலிருந்து மட்டும் வந்திருக்க முடியாத அளவுக்குப் புரதச் சிதைவின் கழிவு அவர்களுடைய சிறுநீரில் வெளியேறியது. உடல் முழுவதிலுமுள்ள தசை கரைந்துகொண்டிருந்தது. காயத்தின் பின்னர் உடலின் செலவு முதலில் சிறிது நேரம் தணிந்து பின்னர் உயர்வதை, கடல் வற்றுவதோடும் பெருகுவதோடும் ஒப்பிட்டு அவர் பெயரிட்டார். வாவிக் கரையில் வாழும் நமக்கு அந்த உவமை அந்நியமல்ல.

திட்டமிட்டுச் செய்யும் சாதாரண அறுவைச் சிகிச்சைக்குப் பின் செலவு சிறிதளவே கூடும். பெரிய எலும்பு முறிவில் அதைவிடக் கூடும். இரத்தத்தில் கிருமி பரவும் நிலையில் இன்னும் அதிகம். எல்லாவற்றிலும் மேலானது எரிகாயம். உடற்பரப்பில் பெரும் பகுதி எரிந்தவருக்கு ஓய்வுச் செலவு இரு மடங்கு வரை உயரலாம். தோல் இல்லாத இடத்தால் வெப்பமும் நீரும் வெளியேறுவது ஒரு காரணம். உடல் முழுதும் எழும் அழற்சி இன்னொரு காரணம். காயம் ஆறிய பின்னரும் இந்த உயர்வு பல மாதங்கள் நீடிப்பதுண்டு. குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்களை நம் ஊர்கள் நன்கு அறியும். கவிழ்ந்தாலும் உருளாத பாதுகாப்பான விளக்கை உருவாக்கிய வைத்தியர் விஜய கொடகும்புர நம் நாட்டவர். இப்படிப்பட்ட நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், “இனிச் சும்மாதானே கிடக்கிறார்” என்று உணவைக் குறைப்பது பெரும் தவறு. முட்டை, மீன், பருப்பு, பால் என்பவை அவருக்கு மருந்தோடு சேர்ந்தவை.

தேய வைக்கும் நோய்கள்

காசநோயைப் பழந்தமிழ் வழக்கு ‘எலும்புருக்கி’ என்றது. ‘கயரோகம்’ என்ற பெயரிலுள்ள கயம், தேய்தல் என்று பொருள்படும். இரண்டு பெயர்களும் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. உடல் கரைவதைத்தான் பேசுகின்றன. உண்மையில் உருகுவது எலும்பல்ல, தசையும் கொழுப்பும். காசநோயில் மாலைக் காய்ச்சல் செலவைக் கூட்டுகிறது. அதே வேளை பசி அடங்கிவிடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய வீடு எப்படி நகையை விற்குமோ, அப்படியே உடல் தன் தசையை விற்கிறது. சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். மருந்து தவறாமல் எடுப்பதோடு உணவையும் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நாட்பட்ட சுவாசத்தடை நோயில் மூச்சை இழுப்பதே ஒரு கூலிவேலையாகி, ஓய்வுச் செலவைக் கூட்டுகிறது. புற்றுநோயில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்குக் கூடுகிறது, சிலருக்கு மாறுவதில்லை. பசியின்மையும் தசைச் சிதைவும் சேர்ந்தே மெலிய வைக்கின்றன. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர் மெலிவதற்கு முக்கிய காரணம் வேறு: உண்டது உடலுக்குப் பயன்படாமல் சிறுநீரோடு போய்விடுகிறது.

சுகதேகியின் பட்டினியும் நோயாளியின் பட்டினியும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைப்பதானால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் என்பவர் 36 சுகதேகிகளை, அவர்களுடைய சம்மதத்துடன், ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் தம் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். ஓய்வுச் செலவோ நூற்றுக்கு 40 அளவில் குறைந்தது. அதாவது இழந்த நிறைக்குரியதைவிட அதிகமாகவே உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. குளிர், சோர்வு, எதிலும் நாட்டமின்மை என்பன அந்தச் சிக்கனத்தின் விலை. சுகமான உடல் பட்டினி கிடக்கும்போது திரியைத் தணித்துக்கொள்கிறது. தசையைக் காப்பாற்றிக் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது.

காய்ச்சலிலும் காயத்திலும் இந்தச் சிக்கனம் கைகூடுவதில்லை. கிருமியோடு போராடும் உடல் திரியை உயர்த்தியே வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் சுரக்கும் ஓமோன்களும் அழற்சிச் சமிக்ஞைகளும் தசையை உடைத்துப் புரதத்தை எடுக்கச் சொல்கின்றன. ஆகவே சுகதேகி ஒரு வாரம் பட்டினி கிடப்பதும், நோயாளி ஒரு வாரம் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல. நோயாளி இழக்கும் தசை அதிகம். அதை மீளப் பெற வாரங்கள் அல்ல, மாதங்கள் செல்லும்.

நோன்பும் நோயும்

சுகமாக உள்ளவர் ஸஹர் செய்து, மாலையில் நோன்பு திறக்கும்போது ஓய்வு அனுசேபம் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் நோயுற்றோருக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்க நம் மூத்தவர்கள் பலர் மறுக்கிறார்கள். “வயசுக்கு வந்த நாள் முதல் ஒரு நோன்பும் விட்டதில்ல” என்று காய்ச்சலோடும் நோன்பு பிடிப்பார்கள். சூரா அல்பகராவின் 184, 185 ஆம் வசனங்கள் நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் களாச் செய்ய இடமளிக்கின்றன. தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. நோயாளியின் செலவுக் கணக்கு மேலே கண்டவாறு இருக்கும்போது, அந்தச் சலுகை எவ்வளவு பெரிய அருள் என்பதை மட்டும் நான் சொல்லலாம். தைரொட்சின் குளிசை எடுப்போர் பெரும்பாலும் நோன்பு பிடிக்கலாம். ஆனால் அது வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மருந்து. ரமழானில் எந்நேரத்தில் எடுப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மிகைச் சுரப்பு உள்ளவர்களும் காசநோய் உள்ளவர்களும் கேட்காமல் நோன்பு தொடங்கக் கூடாது.

நோயாளியை உண்ணும்படி வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் உண்டு. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் தல்பீனா என்ற வாற்கோதுமைக் கஞ்சியை ஆயிஷா நாயகி அவர்கள் பரிந்துரைத்ததாக புஹாரியில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கையில் எனக்கு முரண் தெரியவில்லை. வற்புறுத்தாமல் இருப்பது வேறு, கொடுக்காமல் தடுப்பது வேறு. நமது நோன்புக் கஞ்சியே நல்ல வழி: அரிசி, தேங்காய்ப் பால், சிறிது இறைச்சி அல்லது பயறு. அரைக் கோப்பையாக, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், கேட்காவிட்டாலும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம். இறைச்சி ஒத்துக்கொள்ளாவிட்டால் குழைந்த சோறும் மீன் ஆணமும் போதும்.

வீட்டில் யாராவது காரணமின்றி மெலிந்தால், அல்லது உண்ணாமலே ஊதிச் சோர்ந்தால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்கும் கூட்டிச் செல்லுங்கள். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: வகுப்பில் தூங்கும் பிள்ளையிடம் ஏன் தூங்குகிறாய் என்று அதட்டுவதற்கு முன், குளிருதா, பசிக்குதா, இரவில் வியர்க்குதா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த மாணவி உயர்தரத்துக்கு வந்தபோது ஒரு நாள் நானே கூப்பிட்டு, முன்னர் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டேன். “அது பரவாயில்ல டீச்சர், எனக்கே அப்ப என்னெண்டு விளங்கல்ல” என்றாள். தவணை அறிக்கைகள் எழுதும் காலம் வரும்போதெல்லாம் அந்தப் பதில் ஞாபகத்துக்கு வருகிறது. ‘சோம்பல்’ என்ற சொல்லை நான் பிறகு எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை.